எண்ணெய் குடித்த கதவு

கேள்வி: தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. பூஜை அறையின் தேக்குக் கதவில் பச்சை எனாமல் பல பூச்சு ஏறிக் கிடக்கிறது. போன ஐப்பசியில் அதன் மேலேயே புதிதாக அடித்தோம். பொங்கலுக்குள் வெங்காயச் சருகு போல உரிந்துவிட்டது. தீயால் சுட்டுச் சுரண்டிவிடலாம் என்கிறார் பெயின்டர். இரண்டு வயதுப் பேரன் வீட்டில் இருக்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தீ மட்டும் வேண்டாம் அம்மா. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்துப் பச்சையில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுட்டால் அது புகையாகும். உலர்வாகத் தேய்த்தால் தூளாகி, தரையிலிருந்து பேரனின் விரல் வழியே வாய்க்குப் போகும். வேலை முடியும்வரை அவன் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

உரிந்ததற்குப் பெயின்டைத் திட்டாதீர்கள். நாற்பது வருட விளக்குப் புகை, எண்ணெய்க் கை, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் எல்லாவற்றையும் அந்தக் கதவு குடித்திருக்கிறது. எண்ணெய் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. கையுறை போட்டுக்கொண்டு, வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துக் கழுவுங்கள். அடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. மறுபடியும் கழுவத்தான் வேண்டும். பெயின்டர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான்.

எல்லாவற்றையும் சுரண்டத் தேவையில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் நாடாவோடு வரும் இடத்தில் மட்டும் மரம்வரை எடுங்கள். மற்ற இடங்களில் 180 எண் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துப் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். கீழே பாலித்தீன் விரித்து, சகதியை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். துடைப்பம் படவே கூடாது.

தேக்குக்குச் சொந்த எண்ணெயும் உண்டு. மரம் தெரியும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு வுட் பிரைமர் (மரத்துக்கான அடிப்பூச்சு) அடியுங்கள். பள்ளம், கீறலை நிரப்பும் பட்டி அதற்குப் பிறகுதான். வெறும் மரத்தில் பட்டி வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், பட்டி பொரிந்து விழும். பட்டியைத் தேய்த்து, இன்னொரு கை பிரைமர், மெல்லியதாக இரண்டு கை எனாமல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்கவைத்து அடித்தால் வழியாது. யாரும் அடிக்காமல் விடும் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பிரஷ் எட்டும்.

ஐப்பசி வேண்டாம், மாசியில் செய்யுங்கள். என் வீட்டில் ஒரு தீபாவளி அவசரத்தில் அடித்தேன். கார்த்திகை மழையில் கதவு ஊதி இறுகிக்கொண்டது. இழைப்புளி போட்டேன். சித்திரையில் பார்த்தால் பல்லி நுழையும் அளவுக்குச் சந்து. இன்றும் அந்த வழியாகத்தான் வந்து போகிறது.

கேள்வி: இரண்டு பூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு முறையும் பிரஷைக் கழுவ வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: மறுநாளே அடிப்பதாக இருந்தால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் சுற்றிவையுங்கள். டர்பன்டைன் டப்பாவில் குத்திட்டு நிறுத்தினால் முடி வளைந்துவிடும். பிறகு அது ஒட்டடை அடிக்கத்தான் ஆகும்.