இடைவேளையில் தொலைவது

ஐயா,

ஏ.எல். (உயர்தரப்) பரீட்சைக்குக் கணிதப் பிரிவில் தோற்ற இருக்கிறேன். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு மாதமாகச் செய்கிறேன். கணக்கு சூடு பிடிக்கும்போது அலாரம் அடிக்கிறது. ஓய்வோ அரை மணியாக நீள்கிறது. நாங்கள் இருக்கும் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) இரவு பத்து வரை சத்தம் வேறு. என்ன செய்யலாம்?

வாசகி, தலவாக்கலை

அன்புள்ள தங்கச்சி,

1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவைத்துப் படித்தார். 25 நிமிடக் கணக்கு அதில் வந்தது. இரசாயனவியல் குறிப்பைத் திருப்பிப் பார்க்க அது போதும். இணைந்த கணிதத்துக்குப் போதாது.

ஏன் என்று வினாத்தாளே சொல்லும். மூன்று மணித்தியாலம், 1000 புள்ளி. பகுதி ஆ வினா ஒன்றுக்கு 150. புள்ளிக்கேற்ப நேரத்தைப் பிரித்தால் 27 நிமிடம் வருகிறது. உங்கள் அலாரம் விடைக்கு இரண்டு நிமிடம் முன்னால் அடிக்கிறது! 55 நிமிடம் வையுங்கள், இரண்டு வினா. பிறகு 10 நிமிடம் ஓய்வு. புதிய அலகென்றால் ஒரு வினாவே அந்த நேரத்தைத் தின்னும், பரவாயில்லை.

ஓய்வு நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபோன்தான். அதில் பார்ப்பதற்கு முடிவே கிடையாது. தானாக முடிகிற வேலையை எடுங்கள்: பிளேன் டீ ஊற்றுவது, ஒரு குடம் தண்ணீர், லயத்தின் கோடிவரை ஒரு நடை. நேரம் பார்க்க மேசைக் கடிகாரம். எழும்புமுன் கொப்பியின் ஓரத்தில் அடுத்த படியை எழுதிவிடுங்கள், ‘இனி தொகையீட்டின் எல்லையை மாற்ற வேண்டும்’ என்பதுபோல. இல்லாவிட்டால் திரும்பி வந்ததும் முதல் வரியிலிருந்து வாசிக்க வேண்டிவரும்.

சத்தமான நேரத்தில் புதிய பாடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். செய்த பாஸ்ட் பேப்பரைத் திருத்துங்கள், பிழைகளைத் தனிக் கொப்பியில் எழுதுங்கள். பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினால், பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) ஆட்கள் கிளம்பும் நேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று முடியும். தூக்கத்தை இதற்குமேல் வெட்டாதீர்கள். படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான். குளிருக்குக் கம்பளியோடு கட்டிலில் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். கதிரைதான், காலுக்குச் சொக்ஸ்.

வாரம் ஒருநாள் மட்டும் ஓய்வே இல்லாமல் மூன்று மணித்தியாலம் 10 நிமிடம் உட்காருங்கள். அந்த 10 நிமிடம் வாசிப்பு நேரம். பேனை தொடாமல், பகுதி ஆவின் ஏழில் எந்த ஐந்து என்று தெரிவுசெய்யப் பழகுங்கள்.