ஆர்.என். ஆக 13,000 டாலரா, 48,000 டாலரா?

கேள்வி: வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம், இருவருக்கும் கிரீன் கார்டு. ஊரில் பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகி இங்கே வந்த பிறகு எல்.பி.என். (ஆரம்ப நிலை நர்ஸ் உரிமத்துக்கான படிப்பு) படித்தேன். நான்கு வருடமாக ஒரு நர்ஸிங் ஹோமில் (முதியோர் பராமரிப்பு இல்லம்) வேலை, வருடம் 66,000 டாலர் வருகிறது. கணவருக்கு 84,000. வீட்டுக் கடன் ஓடுகிறது, இரண்டு பிள்ளைகள். அடுத்த படியான ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேண்டும். கவுன்ட்டி கல்லூரியில் (மாவட்ட அரசுக் கல்லூரி) மாலை நேரப் படிப்பு 20 மாதம், எல்லாம் சேர்த்து 13,000 டாலர் போல ஆகும். ஆனால் இடம் கிடைக்க ஒரு வருடம் ஆகலாம் என்கிறார்கள். தனியார் கல்லூரி ஒன்றில் அடுத்த மாதமே சேரலாம்: பகல் வகுப்பு, 16 மாதம், 48,000 டாலர், கடனுக்கும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். “ஒரு வருஷத்தை வீணாக்காதே, கடனை வாங்கிப் படிச்சிடு” என்கிறார் கணவர். எது சரி?
– வாசகி, எடிசன்

பதில்: உங்கள் கணவர் சொல்வதை நான் சட்டென்று தள்ளிவிட மாட்டேன். ஃபீஸ் குறைவு என்பதற்காகவே கவுன்ட்டி கல்லூரி என்று முடிவு கட்டுகிறவர்கள், காத்திருக்கும் மாதங்களுக்கும் விலை உண்டு என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விலையை முதலில் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்குப்படி நாடு முழுவதற்குமான இடைநிலைச் சம்பளம் ஆர்.என்.-க்கு 93,600 டாலர், எல்.பி.என்.-க்கு 62,340. நியூ ஜெர்சியில் இரண்டுமே இதைவிடக் கூடுதல்தான், ஆனால் வித்தியாசத்தைப் பார்க்க இது போதும்: வருடத்துக்கு 31,260, மாதம் சுமார் 2,600. உங்கள் இருவர் வருமானத்துக்கு ஃபெடரல் வரி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மாநில வரி எல்லாம் சேர்ந்து மேலே வரும் ஒவ்வொரு டாலரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கைக்கு வருவது மாதம் 1,700 என்று வையுங்கள். புது ஆர்.என்.-க்கு முதல் நாளே இடைநிலைச் சம்பளம் கிடைக்காது. நீங்களோ இப்போதே எல்.பி.என். இடைநிலைக்கு மேலே இருக்கிறீர்கள். ஆக முதல் ஒன்றிரண்டு வருடம் வித்தியாசம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் 1,700 என்றே எடுத்துக்கொள்வோம், உங்கள் கணவர் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்.

கவுன்ட்டி கல்லூரி வழியில் நீங்கள் பின்தங்குவது 12 மாதக் காத்திருப்பும், படிப்பு நீளும் 4 மாதமும், மொத்தம் 16 மாதம். அதற்கு 27,200 டாலர். தனியார் கல்லூரிக்குக் கூடுதலாகக் கட்டுவது 35,000, வட்டி தனி. கவுன்ட்டி முந்துகிறது, ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. இதே காத்திருப்பு இரண்டு வருடம் என்று எழுதியிருந்தால் கணக்கு மறுபக்கம் சாய ஆரம்பித்திருக்கும்.

ஆனால் நீங்கள் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. பகல் வகுப்பு, அதன்மேல் கிளினிக்கல் (ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி). இதற்கு நடுவே இப்போதைய வேலையை முழுசாகப் பார்க்க முடியுமா? பாதி நேரமாகக் குறைத்தாலே 16 மாதத்தில் 44,000 டாலர் சம்பளம் போகும். மாலை வகுப்பில் வாரம் ஒரு நாள் வேலையை விட்டால் 20 மாதத்தில் 22,000. இங்கேதான் தீர்ப்பு விழுகிறது. ஆனால் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: மாலைப் படிப்பில் கிளினிக்கலும் மாலையிலோ வார இறுதியிலோதானா? வகுப்பு மட்டும் மாலையில் வைத்து, கிளினிக்கலைக் காலை ஏழு மணிக்கு வைக்கும் இடங்களும் உண்டு.

அப்புறம், “கடனுக்கு நாங்களே ஏற்பாடு” என்பது. திருமணமான மாணவருக்கு ஃபெடரல் கடன் முதல் வருடம் 9,500, இரண்டாம் வருடம் 10,500 டாலருக்கு மேல் தரமாட்டார்கள். மிச்சம் 28,000 எங்கிருந்து வரும்? தனியார் கடனாகத்தான். அதில் வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் வசதி கிடையாது. லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து 120 தவணை கட்டினால் மீதி தள்ளுபடியாகும் சலுகையும் ஃபெடரல் கடனுக்கு மட்டும்தான். காகிதத்தில் வட்டி விகிதம் எழுதியிருக்கிறதா, மாறும் வட்டியா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, அந்த 13,000-ஐ எப்படிக் குறைப்பது? குறைந்த வருமானக்காரர்களுக்கு ஃபெடரல் அரசு தரும் பெல் உதவித்தொகையும், நியூ ஜெர்சியின் இலவசக் கவுன்ட்டி கல்லூரித் திட்டமும் உங்கள் 1,50,000 வருமானத்துக்குக் கிடைக்காது. (வருமானம் 65,000-க்குள் இருக்கும் வாசகர்கள் அந்த மாநிலத் திட்டத்தை அவசியம் பாருங்கள். கல்லூரிப் பட்டம் ஏதும் இருக்கக் கூடாது, ஃபாஃப்சா என்ற ஃபெடரல் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பியிருக்க வேண்டும்.) உங்களுக்குக் கைகொடுக்கப் போவது வரிச் சலுகை. கூட்டு வருமானம் 1,60,000-க்குள் இருப்பதால் கட்ட வேண்டிய வரியிலேயே கழியும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிக் கழிவு முழுசாகக் கிடைக்கும்: வருடச் செலவில் முதல் 2,000 டாலர் அப்படியே, அடுத்த 2,000-க்குக் கால் பங்கு, ஆக 2,500. ஒருவருக்கு நான்கு வரி வருடம் மட்டும்தான், அதனால் எல்.பி.என். படித்தபோது எத்தனை வருடம் எடுத்தீர்கள் என்று பழைய ரிட்டர்ன்களைப் பாருங்கள்.

முதலாளி வழியும் உண்டு. படிப்புக்காக வருடம் 5,250 டாலர் வரை முதலாளி கொடுத்தால் அதற்கு வரி இல்லை. நர்ஸிங் ஹோம்களில் இது அரிது, ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். காத்திருக்கும் வருடத்தில் இந்தச் சலுகை தரும் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எல்.பி.என். ஆகவே மாறிவிடுவதை யோசியுங்கள். காலண்டர் வருடக் கணக்கு என்பதால் 20 மாதப் படிப்பு மூன்று வருடங்களைத் தொடும்படி அமைந்தால் மூன்று முறை வாங்கலாம். முதலாளி கொடுத்த அதே டாலருக்கு வரிக் கழிவும் கேட்கக் கூடாது. படித்தபின் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காத்திருக்கும் வருடம் சும்மா போகிற வருடமும் அல்ல. அனாட்டமி, மைக்ரோபயாலஜி போன்ற முன்படிப்புகளை எப்படியும் முடித்தாக வேண்டும். பழைய அறிவியல் மதிப்பெண்களை ஐந்து, ஏழு வருடம் தாண்டினால் ஏற்காத கல்லூரிகள் பல. “ஒரு வருடம்” என்பது உண்மையான வரிசையா, அல்லது நர்ஸிங் சேர்க்கைக்கான டீஸ் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் முன்படிப்பு மார்க்கும் பார்த்து எடுப்பதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் நல்ல மார்க் உங்களை முன்னே தள்ளும். பக்கத்துக் கவுன்ட்டிகளுக்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் வெளிக் கவுன்ட்டிக்காரர்களுக்கு ஃபீஸ் கூடும். உங்கள் கவுன்ட்டியில் அந்தப் படிப்பே இல்லை என்றால் வித்தியாசத்தை உங்கள் கவுன்ட்டியே ஏற்கும் ‘சார்ஜ்பேக்’ ஏற்பாடு இருக்கிறது.

எந்தக் கல்லூரியானாலும் மாநில நர்ஸிங் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அதோடு ஏ.சி.இ.என். அல்லது சி.என்.இ.ஏ. அங்கீகாரமும் இருக்கிறதா என்று அந்த அமைப்புகளின் தளத்திலேயே பாருங்கள். அது இல்லாவிட்டால் பிறகு பி.எஸ்.என். (நர்ஸிங் இளநிலைப் பட்டம்) சேரும்போது கதவுகள் மூடும். எடிசனிலிருந்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம்: 2017 டிசம்பரில் வந்த சட்டப்படி அங்கே புதிய ஆர்.என்.-கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். கல்லூரி வாரியாக என்கிளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) முதல்முறைத் தேர்ச்சி விகிதமும் வெளியாகிறது. தனியார் கல்லூரியின் விகிதம் கவுன்ட்டியை விடக் குறைவு என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் தேவையே இல்லை.

வகுப்பே இல்லாமல் சான்றிதழ் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் அம்பலமான மோசடியில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன.

இதைப் படிக்கும், தமிழ்நாட்டில் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வழியே உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். பல மாநிலங்களில் ட்ரூமெரிட் (முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ்.) என்ற அமைப்பின் மூலம் சான்றிதழை மதிப்பிட்டு, நேரடியாக என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வை எழுதலாம்.

கவுன்ட்டி கல்லூரிக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், ஃபாஃப்சாவையும் நிரப்பிவிடுங்கள். வருமானம் அதிகம் என்றாலும் ஃபெடரல் கடன் தேவைப்பட்டால் அது இல்லாமல் கிடைக்காது. தனியார் கல்லூரிக்காரர்கள் “இந்தச் சலுகை வெள்ளிக்கிழமை வரைதான்” என்று போன் செய்தால், தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேளுங்கள்.