புத்தகம் வாங்குறது: குழந்தைக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு

கேள்வி: என் பொண்ணுக்கு எட்டு வயசு. அட்டையில "8 வயது முதல்"னு போட்டிருந்த கதை புக்கா பாத்து ஆன்லைன்ல நாலு வாங்கினேன், எல்லாத்தையும் ரெண்டு பக்கம் படிச்சிட்டு ஓரமா வச்சிடுறா. ஆனா அதே கதைய நான் படிச்சு சொன்னா அசையாம உக்காந்து கேக்குறா. நல்ல புக்ஸ் லிஸ்ட் ஒண்ணு குடுங்களேன்.

பதில்: லிஸ்ட் குடுக்க மாட்டேன், கோச்சுக்காதீங்க. உங்க பொண்ணு எதுக்கு சிரிப்பா எதுக்கு பயப்படுவான்னு தெரியாம நான் பத்து புக் பேரு எழுதி அனுப்பினா, அந்த நாலு புக் பக்கத்துல இன்னும் பத்து சேரும், அவ்ளோதான். அட்டையில போட்டிருக்கற வயசு பப்ளிஷர் குத்துமதிப்பா போடுறது, அத வச்சு முடிவு பண்ணாதீங்க.

நீங்க எழுதினதுலயே விஷயம் இருக்கு. கேட்டா புரியுது, தானா படிச்சா ஓட மாட்டேங்குது. இது நிறைய பசங்களுக்கு அப்படித்தான், காதால புரிஞ்சுக்கிறது முன்னாடி போயிடும், எழுத்துக்கூட்டி படிக்கிறது பின்னாடி மெதுவா வரும், குறைன்னு நினைக்க வேணாம். அதனால ஒரே புக்க ரெண்டு வேலைக்கும் வாங்காம தனித்தனியா வாங்குங்க. அவளே படிக்கிறதுக்கு நீங்க நினைக்கிறத விட ஒரு படி ஈஸியா, நீங்க படிச்சு சொல்றதுக்கு ஒரு படி கஷ்டமா. இப்ப இருக்கற நாலும் ரெண்டாவது வகையில போகட்டும், காசு வீணாகல.

ஈஸியா கஷ்டமான்னு பாக்க ஒரு பழைய வழி இருக்கு. நடுவுல ஒரு பக்கத்த எடுத்து சத்தமா படிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தை வர்றப்பல்லாம் ஒரு விரல மடக்கணும். பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சும் மடங்கிட்டா இப்போதைக்கு வேணாம். ரெண்டு மூணுன்னா சரியான புக். ஒண்ணுமே மடங்கலன்னா ரொம்ப ஈஸி, ஆனாலும் ஆசைப்பட்டு எடுத்தா பிடுங்காதீங்க, வேகம் அதுலதான் வரும். பக்கத்துக்கு ரெண்டு வரி மட்டும் இருக்கற படப் புக்குக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. ஆன்லைன்ல வாங்கினா மாதிரிப் பக்கத்துலயே இத பண்ணிடலாம், மாதிரிப் பக்கமே இல்லன்னா நான் வாங்க மாட்டேன். எழுத்து பொடியா இருக்கா, வரிக்கு வரி இடைவெளி இருக்கா, வார்த்தைங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து நீளமா வருதான்னும் பாத்துக்கங்க, பாதி பசங்க கதை பிடிக்காம வைக்கறதில்ல, பக்கத்த பாத்தே மலைச்சுப் போய் வச்சிடுறாங்க.

அவ எந்த லெவல்னு பிடிபடலன்னா முதல்ல காசு போடாதீங்க. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ங்கற வெப்சைட்ல தமிழ் உட்பட பல மொழியில சிறுவர் கதைகள் ஃப்ரீயா இருக்கு, நாலு லெவலா பிரிச்சு வச்சிருக்காங்க. ஒவ்வொரு லெவல்லயும் ரெண்டு மூணு படிக்க விட்டு எங்க திணறுறான்னு பாத்தீங்கன்னா போதும், அப்புறம் அந்த லெவல்ல காசு குடுத்து வாங்கலாம். இன்னொண்ணு, தொடரா வர்ற புக்ஸ மொத்த செட்டா முதல்லயே வாங்கிடாதீங்க. ஒண்ணு வாங்குங்க, அவளே "அடுத்தது எங்கம்மா"ன்னு கேக்கட்டும். காமிக்ஸ் கேட்டாலும் வாங்கிக் குடுங்க, அதுவும் படிக்கிறதுதான்.

கேள்வி: படப் புக் எல்லாம் முப்பது பக்கம்தான் இருக்கு, விலையோ குண்டு கதைத் தொகுப்பு அளவுக்கு இருக்கு. தொகுப்பே வாங்கிடலாமா?

பதில்: பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும், எண்ணிப் பாருங்க. பெரிய தாள்ல அச்சடிச்சு மடிக்கிறப்ப பக்கங்கள் எட்டு, பதினாறு, முப்பத்திரெண்டுன்னுதான் வரும், அதுல வந்த வழக்கம். விலை முழு கலர் அச்சுக்கும் கெட்டித் தாளுக்கும் படம் வரைஞ்சவருக்கும் போகுது. பக்கத்த எண்ணாம எத்தனை தடவை படிப்பீங்கன்னு எண்ணுங்க, சின்னக் குழந்தைக்கு பிடிச்ச படப் புக்க அது கிழியற வரைக்கும் படிக்கணும், நமக்குத்தான் போரடிக்கும். குண்டுத் தொகுப்புல கதை சுருக்கி சுருக்கி படமும் தீப்பெட்டி சைஸுல இருக்கறதுதான் அதிகம்.

கேள்வி: ஒரு வயசுப் பையனுக்கு பட்டன் அமுக்கினா பாட்டு வர்ற புக் கிஃப்ட் குடுக்கலாமா?

பதில்: பேட்டரி மூடிய முதல்ல பாருங்க. ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கணும், நகத்தால திறக்குதுன்னா வேணாம். உள்ள இருக்கறது காசு மாதிரி இருக்கற பட்டன் பேட்டரி, அத முழுங்கினா உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துலயே உள்ள பொசுக்க ஆரம்பிச்சிடும், அப்படி சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிதான். ஒட்டி வச்ச கண்ணு, மணி மாதிரி பிச்சுக்கிட்டு வர்றது இருந்தாலும் மூணு வயசுக்குக் கீழ வேணாம். என்னக் கேட்டா கெட்டி அட்டை புக்கே வாங்குங்க, கடிச்சாலும் தாங்கும், பாட்ட நீங்க பாடுங்க.

கேள்வி: காலேஜ் முடிஞ்சதும் படிக்கிறத விட்டவன் நான். திரும்ப ஆரம்பிக்கலாம்னு எல்லாரும் சொல்ற பெரிய நாவல் ஒண்ணு வாங்கி அம்பதாவது பக்கத்துலயே நிக்குது. வேற என்ன படிக்கலாம் சார்?

பதில்: அத மூடி வச்சிடுங்க, யாரும் கேக்கப் போறதில்ல. ஒருதடவை உக்காந்தா ஒரு கதை முடியற மாதிரி சிறுகதைத் தொகுப்பு ஒண்ணு, நீங்க ஏற்கனவே கிறுக்கா இருக்கற விஷயம் ஏதாவது இருக்கும்ல, கிரிக்கெட்டோ சினிமாவோ ரயிலோ, அதப் பத்தி ஒண்ணு, இந்த ரெண்டோட ஆரம்பிங்க. சுயமுன்னேற்றப் புக் வகையறாவ கொஞ்ச நாள் தள்ளி வைங்க, அதுல முக்கால்வாசி ஒரு கட்டுரையில முடியற சமாச்சாரம்.

ரிவ்யூ பாக்குறப்ப அஞ்சு ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுட்டு மூணு ஸ்டார்காரங்க எழுதினத படிங்க, எது நல்லா இருந்துச்சு எது இழுவைன்னு அவங்கதான் சொல்லுவாங்க. மொழிபெயர்ப்பு வாங்கினா இன்னும் கவனம், ஒரே நாவலோட வேற வேற மொழிபெயர்ப்புக்கு வந்த ரிவ்யூ எல்லாத்தையும் ஆன்லைன் கடைங்க ஒரே இடத்துல கொட்டி வச்சிருப்பாங்க, யாரோ ஒருத்தர் மொழிபெயர்ப்ப புகழ்ந்தத படிச்சிட்டு வேற ஒருத்தரோடத வாங்கிடுவீங்க. மொழிபெயர்ப்பாளர் பேரு, சுருக்கப் பதிப்பான்னு பாத்துட்டு பின்னட்டையில இருக்கற ஐஎஸ்பிஎன் நம்பர, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியா குடுக்கற அடையாள நம்பர, ஒப்பிடுங்க. 2007லேர்ந்து அது 13 இலக்கம், பேப்பர்பேக்குக்கு ஒண்ணு, கெட்டி அட்டைக்கு வேற ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும்.

கேள்வி: ஈபுக் வாங்குறது லாபமா? பேப்பர் புக் ஒண்ணு ரொம்ப சீப்பா கிடைச்சுது, எழுத்தெல்லாம் கலங்கலா இருக்கு.

பதில்: அந்த சீப் புக் திருட்டுப் பதிப்பா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. எழுத்து கலங்கல், பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியறது, ஓரம் கோணலா வெட்டியிருக்கறது, படமெல்லாம் கறுப்பு வெள்ளை, இதுல ரெண்டு இருந்தாலே திருப்பி அனுப்பிடுங்க. வந்த அன்னைக்கே ஒருதடவை பக்கத்த கடகடன்னு புரட்டி நம்பர் வரிசையா வருதான்னு பாத்துடணும், ரிட்டர்ன் டைம் போனப்புறம் நடுவுல பதினாறு பக்கம் காணோம்னா ஒண்ணும் பண்ண முடியாது.

ஈபுக்ல எழுத்த பெருசாக்கிக்கலாம், இடம் அடைக்காது, கண்ணு மங்குற வயசுல ரொம்ப சௌகரியம். ஆனா பெரிய கடைங்கள்ல நீங்க வாங்குறது படிக்கிற உரிமைய மட்டும்தான், புக்க இல்ல. 2009ல அமேசான், விக்கிறதுக்கு உரிமை இல்லாத ஒருத்தர் ஏத்தினதுன்னு சொல்லி ஜார்ஜ் ஆர்வெல்லோட "1984" நாவல வாங்கினவங்களோட கிண்டில்ங்கற ஈபுக் கருவியிலேர்ந்தே தூக்கிடுச்சு, அதுவும் பாருங்க, பழைய பதிவையெல்லாம் அரசாங்கமே அழிக்கிறதப் பத்தின அந்தப் புக்க! காச திருப்பிக் குடுத்தாங்க, அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க. அதனால ஒருதடவை படிச்சு முடிக்கிறத ஈபுக்கா வாங்குங்க, வச்சிருந்து திரும்ப எடுக்கறத, நாலு பேருக்கு இரவல் குடுக்கறத பேப்பர்ல வாங்குங்க. காப்பிரைட் முடிஞ்ச பழசுக்கு காசே குடுக்க வேணாம், இங்கிலீஷுக்கு 1971ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் குட்டன்பெர்க், தமிழுக்கு 1998லேர்ந்து இருக்கற மதுரைத் திட்டம், இந்த ரெண்டு ஃப்ரீ வெப்சைட்லயும் முதல்ல தேடிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.