ஆலை மூடிய பிறகு அப்பா – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன், வங்கியில் வேலை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா புளியந்தோப்பிலிருந்து வருகிறார். அவருடைய மகனும் என் மகனும் ஏழாம் வகுப்பு. சென்ற வாரம் அந்தப் பையன் டியூஷனுக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடப் போனது தெரிந்து, எங்கள் வாசலிலேயே அவன் முதுகில் அறைந்தார். நான் தடுத்து, என் மகனிடம் எதையும் பேசித்தான் புரியவைக்கிறேன் என்றேன். “உங்களுக்குப் பேச நேரம் இருக்கும்மா. எம்புள்ள ஒரு தடவ தப்புனா அதோட போச்சு” என்றார். படிப்பறிவு இல்லாததால்தான் ஏழைப் பெற்றோர் அடிக்கிறார்கள் என்று நம்பியிருந்த எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. என் மகனை ஞாயிறுதோறும் அண்ணா நகரில் நீட் அடிப்படை வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். அவனுக்கு அதில் விருப்பமில்லை. அடிக்காதீர்கள் என்று அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

படிப்பறிவு இல்லாததால் அடிக்கிறார்கள் என்று நானும் நம்பியிருப்பேன். என் வீட்டிலேயே அதற்கு மறுசாட்சி இருந்தது.

என் அப்பா நெசவாலையில் தறி ஓட்டியவர். 1992இல் நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியபோது, மதிப்பெண் பட்டியலை ஒருமுறை பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “ஃபெயிலானா இன்னா, திரும்ப எழுது, இல்லாட்டி மில்லு இருக்குது” என்றார். அது வெறும் ஆறுதல் அல்ல. அன்றைய வடசென்னையில் பத்தாவது தவறிய பையனுக்கும் ஆலை, துறைமுகம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் என்று போக இடம் இருந்தது. அங்கே நிரந்தரமாகிவிட்டவன் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்தைப் போலவே தன் குடும்பத்தையும் நடத்த முடிந்தது.

சில ஆண்டுகளில் அப்பாவின் ஆலை மூடப்பட்டது. நூறு ஆண்டுகளைக் கடந்த பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையே 1996இல் மூடப்பட்ட காலம் அது. என் தம்பி அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா ஒரு கிடங்குக்கு இரவுக் காவலுக்குப் போனார். காலையில் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தம்பியின் நோட்டுகளைத் தரையில் பரப்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சிவப்பு மையைத்தான் தேடுவார். சிவப்பு கண்ணில் பட்டால் இடுப்பு பெல்ட் கைக்கு வந்துவிடும். என்மீது அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை. அதே அப்பா, அதே ஒற்றை அறை, அவருடைய படிப்பும் அதே நான்காம் வகுப்புதான். பிள்ளை தவறினால் போய் நிற்கும் இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

பொருளியலாளர்கள் மத்தியாஸ் டோப்கேயும் ஃபாப்ரிட்சியோ ஜிலிபோட்டியும் இதையே நாடுகளுக்கிடையே ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வருமான இடைவெளி குறைந்த ஸ்வீடன் போன்ற நாடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் கற்பனையையும் சுதந்திர மனத்தையும் பெரிதாக மதிக்கிறார்கள். இடைவெளி மிகுந்த அமெரிக்காவிலும் சீனாவிலும் கடின உழைப்பை வற்புறுத்துகிறார்கள். படிப்பில் முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் கிடைக்கும் வாழ்க்கை விலகிப்போகப் போக, பெற்றோரின் பிடி இறுகுகிறது.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் இதற்குள்தான் வருகிறது. நீங்கள் கை ஓங்குவதில்லை என்பது உண்மையிலேயே நல்லது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனின் விடுமுறை நாளை எடுத்துக்கொள்ள வைப்பதும், அந்த அக்காவின் கையை ஓங்க வைப்பதும் ஒரே பயம்தான். வேறுபாடு, பயத்தைச் சமாளிக்க உங்களிடம் பணம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் மகன் ஒரு வருடம் தவறினால் இன்னொரு வருடம் படிக்க வைப்பீர்கள். அவர் மகன் தவறினால் அடுத்த மாதமே ஏதாவதொரு கடையில் மூட்டை தூக்குவான். தெருமுனையில் தவறான கூட்டத்தோடு நின்றான் என்று சந்தேகக் கேஸில் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய்வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எது நடந்தாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். “அதோட போச்சு” என்று அவர் சொன்னது இதைத்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டை நான் மனமார வரவேற்றேன். ஆனால் அதுவும் நீட்டில் தேறியவனுக்கான கதவு. தேறாதவனும் மதிப்போடு வாழ முடியும் என்ற நிலை வடசென்னைக்குத் திரும்ப வரவில்லை.

இவ்வளவு சொல்வதால் நான் அடியை நியாயப்படுத்தவில்லை. தம்பி படித்துத் தேறினான், நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் இன்றும் அப்பா அருகிலிருக்கும் செய்தித்தாளை எடுக்கக் கையை நீட்டினால் அவன் தோள் தன்னையறியாமல் ஒடுங்குகிறது. அதைப் பார்க்கும்போது அப்பா முகம் போகும் போக்கை என்னால் எழுத முடியவில்லை.

ஆகவே அந்த அக்காவிடம் அடிக்காதீர்கள் என்று தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அறிவுரையாக மட்டும் சொல்லாதீர்கள். பேச நேரம் இல்லை என்றுதானே அவர் சொன்னார்? சம்பளத்தைக் குறைக்காமல் மாலை ஐந்து மணிக்கே அவரை அனுப்புங்கள். ஐந்து பேர் சமைத்து, உண்டு, உறங்கும் ஒரே அறையில் படிக்க முடியாத அந்தப் பையனுக்கு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு மணி நேரம் இடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையன்களையும் சேர்ந்து கிரிக்கெட் ஆட விடுங்கள். உங்கள் மகன் மறுக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.