கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது என்கிறார்களே, பிறகு ஏன் அவ்வளவு ஆபத்து?

கட்டுவிரியனின் விஷம் நரம்பு விஷம். மூளையின் கட்டளை தசையைச் சேராமல் தடுப்பது. சுவிட்சும் மின்விசிறியும் நன்றாக இருந்தும் நடுவில் கம்பி அறுந்தால் விசிறி சுற்றாது அல்லவா, அதுபோல. முதலில் இமைகள் சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். உயிரைப் பறிப்பது அதுதான்.

கடலூர், பண்ருட்டிப் பக்கம் வெக்கைக்காகத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். இது இரவில் நடமாடும் பாம்பு. தூக்கத்தில் கடித்தால் தெரியாமலே போகலாம். விடியலில் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமையும் சரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள். விஷமுறிவு மருந்தும், தேவைப்பட்டால் செயற்கை சுவாசமும்தான் காப்பாற்றும்.

'வீக்கமில்லை, அதனால் விஷம் ஏறவில்லை' என்பது தவறு. கட்டுவிரியன் கடியில் பல் தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம்.