பேக்கப்பிலிருந்து மீட்ட மின்னஞ்சல்களுக்கெல்லாம் இன்றைய தேதி காட்டுவது ஏன்?

2015-இல் வந்த மடலும் இன்று வந்ததுபோல் நிற்கிறதா? பதற வேண்டாம், பழைய தேதி பெரும்பாலும் தொலைந்திருக்காது.

ஒரு மடலுக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, அனுப்பியவரின் மென்பொருள் மடலின் தலைப்பகுதியில் எழுதியது, அது மாறாது. மற்றது, மடல் வந்து சேர்ந்த நேரமாகச் சர்வர் தனியே குறித்துவைப்பது. ஐமேப் (மடல்களைச் சர்வரில் வைத்துக் கையாளும் முறை) வழியாக மடலை ஏற்றும்போது இந்த நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், மடலை ஏற்றிய நேரத்தையே சர்வர் போட்டுவிடும். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மடல்களை மாற்றும் ஐமேப்சிங்க் போன்ற கருவி பழைய நேரத்தையும் கூடவே கொண்டுபோகும்.

டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில், ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறை என்றால் கதை வேறு. அங்கே கோப்பு கடைசியாக மாறிய நேரம்தான் வந்த தேதி. சும்மா காப்பி செய்தால் போச்சு! கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை ஆர்க்கைவ் முறையில் (-a) ஓட்டினால் நேரம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே கெட்டுவிட்டதா? கோப்புப் பெயரின் தொடக்கத்தில் இருக்கும் நீண்ட எண்ணைப் பாருங்கள். அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள். வழக்கமாக, மடல் முதலில் சேமிக்கப்பட்ட நேரம். அதை வைத்து டச் கட்டளையால் கோப்பின் நேரத்தைத் திருத்தலாம்.

இதெல்லாம் வேண்டாம், பட்டியல் சரியாகத் தெரிந்தால் போதும் என்றால், தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளில் ‘பெறப்பட்டது’ நெடுவரிசையை விட்டு ‘தேதி’யால் வரிசைப்படுத்துங்கள்.