எட்டுப் பேர் பில் போடும் அலுவலகத்துக்கு எந்த டேட்டாபேஸ்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். எட்டுக் கணினிகளிலிருந்து ஒரே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பில் பில்லும் சரக்கு இருப்பும் பதிகிறோம்; கோப்பு அடிக்கடி கெட்டுவிடுகிறது. மென்பொருள் தந்தவர், மைக்ரோசாஃப்டின் கட்டண டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் வாங்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: உங்கள் அளவுக்கு அவசியமில்லை. ஷேர்டு ஃபோல்டரில் கிடக்கும் ஆக்சஸ் கோப்பில் எட்டுக் கணினிகளும் நேரடியாகக் கை வைக்கின்றன. அவற்றில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை அறுந்தாலோ மின்சாரம் போனாலோ, பாதி எழுதியது அப்படியே நின்று கோப்பு கெடுகிறது. சர்வர் வகை டேட்டாபேஸில் கோப்பைத் தொடுவது ஒரே ஒரு நிரல்தான். பாதியில் நின்ற பதிவை அதுவே ரத்து செய்துவிடும்.

போஸ்ட்கிரஸ் என்ற சர்வர் டேட்டாபேஸ் முற்றிலும் இலவசம். எஸ்க்யூஎல் சர்வரிலேயே எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பு உண்டு. 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு, ஆக்சஸுக்கோ 2 ஜிபிதான். பில்லை ஸ்கேன் செய்த படங்களை உள்ளே திணிக்காதவரை 10 ஜிபி உங்களுக்குப் பல ஆண்டுகள் போதும். இரண்டில் உங்கள் புரோகிராமருக்குப் பழகியதை எடுங்கள்.

ஆக்சஸை அடியோடு தூக்கியெறிய வேண்டும் என்பதும் இல்லை. ஊழியர்களுக்குப் பழகிய திரைகளை வைத்துக்கொண்டு, அட்டவணைகளை மட்டும் சர்வருக்கு மாற்றி இணைக்கலாம். ஆனால் திரைகள் உள்ள ஆக்சஸ் கோப்பின் தனித்தனி நகல் ஒவ்வொரு கணினியிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு அட்டவணைக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண் அல்லது குறியீடு) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைத்த அட்டவணையைப் பார்க்க முடியுமே தவிர, திருத்த முடியாது. இதைச் செய்யாமல் 'ஆக்சஸ் ஒத்துவராது' என்று கைவிரிப்பவர் புதிதாக ஒன்றை விற்கப் பார்க்கிறார்.

பில்லில் 'சாஃப்ட்வேர் சார்ஜஸ்' என்று ஒற்றை வரி எழுதிக் காசு வாங்கிக்கொண்டு, அட்மின் பாஸ்வேர்டைத் தம்மிடமே வைத்துக்கொள்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது; இதைத் தட்டிக்கேட்க ஓர் ஒழுங்கான அமைப்பும் நம்மிடம் இல்லை. ஆகவே பாஸ்வேர்டும் அட்டவணை அமைப்பும் உங்களுக்கே உரியவை என்று முன்பணம் தரும்முன் எழுதி வாங்குங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பில் தானாக பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் வசதி கிடையாது என்பதைப் பலர் சொல்வதே இல்லை. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அதை அமைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, முந்தைய நாள் பில் ஒன்றை உங்கள் கண்முன் திறந்து காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.